நாற்பத்தேழாம் சீட்டுக்காரர்

ஒரு காடு எவ்வளவு பெறும் என்று காட்டிடம் கேட்க முடியாது. அதைப் பார்க்க வந்தவனிடம்தான் கேட்க வேண்டும். எங்கிருந்து வந்தீர்கள், எதில் வந்தீர்கள், பெட்ரோல் எவ்வளவு, வழியில் சாப்பிட்டது எவ்வளவு, இன்றைக்கு வேலைக்குப் போயிருந்தால் என்ன கிடைத்திருக்கும், இந்த இடத்தைக் காப்பாற்ற நுழைவுக் கட்டணத்தைக் கூட்டினால் எதுவரைக்கும் பொறுத்துக்கொள்வீர்கள். இப்படி நூற்றுக்கணக்கான பேரிடம் கேட்டு, கூட்டிப் பெருக்கினால் கடைசியில் ஒரு தொகை வரும். ஓர் இடத்துக்கு வருவதற்காக மனுசன் எதையெல்லாம் விடுகிறானோ அதுதான் அந்த இடத்தின் மதிப்பு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அரை நாள் பயிற்சி. நடுவில் டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் உண்டு. பஜ்ஜி நன்றாக இருந்ததால் பாடமும் மனசில் நின்றது.

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. பம்ப்செட் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரிவில் இருபத்தாறு வருடம் ஓட்டியவனை, "உங்க அனுபவத்துக்கு எங்க போனாலும் பொழச்சுக்குவீங்க" என்று சால்வை போர்த்தி வாசல் வரை கொண்டுவந்து விட்டிருந்தார்கள். எட்டு மாதம் சிங்காநல்லூர் வீட்டில் உட்கார்ந்து பொழைத்துக்கொண்டிருந்தேன். மனைவிக்கு என் முகம் அலுத்துவிட்டது. அந்த நேரத்தில்தான் தெரிந்தவர் ஒருவர் மூலம் இந்த வேலை வந்தது. மேற்கே மலையடிவாரத்தில் வனத்துறையின் பொறுப்பில் இருக்கும் ஓர் அருவி. அங்கே வருகிறவர்களை எண்ணி, அவர்களிடம் கேள்வி கேட்டு, படிவம் நிரப்ப வேண்டும். மூன்று மாதம். வாயை மூடத் தெரியாதவனுக்குப் பொருத்தமான வேலை என்று வீட்டில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு புங்க மரம். அதன் கீழே என் மேசை. அருவிக்கு அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை. உள்ளே போகிறவர்களை நான் மறிக்க வேண்டும். வெளியே வருகிறவர்களை, கேட்டின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மறிக்க வேண்டும். அவள் அன்னூர்ப் பெண். முதுகலை இரண்டாம் வருடம். இந்தக் கணக்கெடுப்பை வைத்துத்தான் அவளுடைய ஆய்வறிக்கை. என்னை "அங்கிள்" என்பாள். நான் "கண்ணு" என்பேன். நான் படிவத்தை நிரப்பியதும் அதன் ஓரத்தில் நம்பர் போட்ட துண்டுச் சீட்டைக் கிழித்து வந்தவர் கையில் கொடுப்பேன். அவர் திரும்பும்போது அதை அவளிடம் கொடுத்து, எவ்வளவு நேரம் இருந்தார் என்று சொல்லிவிட்டுப் போவார். அவசரக்காரர்கள் சீட்டை மட்டும் அவள் மேசையில் இருந்த அட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போகலாம்.

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. நம் ஊர்க்காரர்களிடம் செலவுக் கணக்கைக் கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். "ஏனுங்க, எதுக்குங்க கேக்கறீங்க, வரி ஏதாச்சும் போடறாங்களா?" என்று ஆரம்பிப்பார்கள். பெரிய காரில் வந்து இறங்கிய மில்காரர் ஒருவர் மாத வருமானம் என்ற கட்டத்தைப் பார்த்துவிட்டு, "ஏதோ ஓடுதுங்க" என்றார். கட்டத்தில் 'ஏதோ' என்று எழுத முடியாது. கூடவே பெண்டாட்டி நின்றால் வழியில் டிபன் சாப்பிட்ட செலவு பாதியாகிவிடும். கூட்டாளிகள் நின்றால் இரண்டு மடங்காகும். பொட்டணம் கட்டி வந்த குடும்பத்து அம்மா ஒருவர், "சோறு ஊட்டுல ஆக்குனதுங்க, வண்டி மச்சாண்டாருதுங்க, எங்களுக்கு ஒண்ணும் செலவே இல்லீங்க" என்று பெருமையாகச் சொன்னார். அவர் கணக்குப்படி அருவி சல்லிக்காசு பெறாது. மற்றபடி எல்லோரும் மரியாதைக்காரர்கள். "வந்து சொல்றேனுங்க" என்று கும்பிட்டுவிட்டு, வரும்போது அந்தப் பக்கமாகப் போய்விடுவார்கள்.

ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது படிவம் வேண்டும். மழை பெய்தால் வருகிறவர்களே பத்துப் பேர்தான். இரண்டாவது வாரத்தில் ஒரு மழை நாள், சும்மா உட்கார்ந்திருந்தபோது, ஒரு படிவத்தை நானே நிரப்பினேன்.

அதில் எனக்குக் கிடைத்த சந்தோசத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதலில் வந்தவர் ஒரு தையல்காரர். அப்புறம் கல்யாணமான அன்றைக்கே பைக்கில் வந்த ஒரு புது ஜோடி, அன்னூரிலிருந்து. அப்புறம் ஓய்வு பெற்ற ஒரு டிராயிங் மாஸ்டர். நேரில் வந்த நிஜ ஆட்கள் மழுப்பினார்கள். நான் வரவழைத்தவர்கள் கேட்டதற்கெல்லாம் பளிச்சென்று பதில் சொன்னார்கள். அவர்களுடைய சீட்டுகளைச் சட்டைப் பையில் வைத்திருந்து, பொழுதோடு அந்தப் பெண் தண்ணீர் குடிக்க எழுந்து போகும்போது, அட்டைப் பெட்டிக்குள் போட்டுவிடுவேன். வந்தார்கள், பார்த்தார்கள், போய்விட்டார்கள். ஒருத்தருக்கும் நட்டமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கேட்டுக்கு வெளியே ஒரு அம்மா தள்ளுவண்டியில் டீயும், அவித்த கடலையும், மிளகாய்ப்பொடி தூவிய மாங்காயும் விற்றார். அவருடைய கணவர் அங்கே வாட்சர், காட்டுக் காவலாள். மேலே ஒரு மலைக்கிராமத்துக்காரர். என் வயதுதான் இருக்கும், பேச்சு குறைவு. நான் பேசுவதை வேலை கெடாமல் கேட்டுக்கொண்டிருப்பார். சிரிக்க வேண்டிய இடம் தாண்டிக் கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பார். அவர் சிரிக்கட்டும் என்று நான் காத்திருப்பேன். யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று மூக்கை வைத்தே சொல்லுவார். எனக்கு யானை என்றாலே பயம் என்று தெரிந்ததும், தினமும் காலையில் நான் கேட்பதற்கு முன்னாலேயே, "இன்னைக்கு அக்கட்டதான் நிக்குதுங்க சார், பயப்படாதீங்க" என்பார்.

அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் மேற்பார்வையாளர் போன் செய்து, உள்ளூர்க்காரர்களே அதிகமாக வருகிறார்கள், தூரத்து ஆட்கள் பத்தவில்லை என்றார். தூரத்திலிருந்து வருகிறவர்தானே அதிகமாகச் செலவு செய்கிறார். அவர் வந்தால்தான் காட்டுக்கு மதிப்பு ஏறும். தூரத்து ஆள் வேண்டுமா, இந்தா என்று ஒன்றரை மணி வாக்கில் ஒருவரைக் காங்கேயத்திலிருந்து கிளப்பினேன். அன்றைய படிவ எண் நாற்பத்தேழு. வயது அறுபத்து மூன்று. விவசாயம். மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார். தனியாக வந்திருக்கிறார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குள் இருக்கும் கலைஞன் விடவில்லை. 'வந்த நோக்கம்' என்ற கட்டத்தில் 'மன அமைதி' என்று எழுதினேன். 'இந்த ஆண்டில் மறுபடி வருவீர்களா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன். 'பிற குறிப்புகள்' என்று ஒரு கட்டம் உண்டு. எல்லாரும் காலியாக விடுவது. அதில், 'மனைவி இறந்து மூன்று மாதம் ஆகிறது. இருவரும் ஒருமுறை வந்த இடம். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்' என்று எழுதினேன். எழுதிவிட்டு நானே ஒரு நிமிடம் கண்கலங்கினேன். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம் போலிருந்தது. சீட்டைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மூன்றேகால் மணி இருக்கும். வாட்சர் பாதையிலிருந்து வேகமாக இறங்கி வந்தார். ஓடவில்லை, அவர் ஓடாமல் வேகமாக வந்ததுதான் பயமாக இருந்தது. மூன்றாவது வளைவுக்கு மேலே குட்டியோடு யானைக் கூட்டம் இறங்கியிருக்கிறது என்றார். அங்கே பொறுப்பில் இருந்த வனவர் உடனே விசில் அடித்து எல்லோரையும் கீழே இறக்கச் சொன்னார். அரை மணி நேரம் ஒரே களேபரம். ஈரத் தலையோடு, பாதி மாட்டிய சட்டையோடு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜனம் இறங்கி வந்தது. நான் மேசைக்குப் பின்னாலிருந்து, "மெதுவா வாங்க, பதட்டப்படாதீங்க" என்று கத்தினேன். பதறிக்கொண்டிருந்தவன் நான் ஒருத்தன்தான். அந்தக் கூட்டத்தில் ஒருத்தரையும் விடாமல் அந்தப் பெண் மறித்துச் சீட்டை வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் மேசையை விட்டு நகரவே இல்லை.

வண்டிகள் எல்லாம் கிளம்பிய பிறகு வனவர் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார். எல்லாரும் வந்தாச்சா?

மற்ற நாளாக இருந்தால் நாலைந்து சீட்டாவது வராது. தொலைத்துவிடுவார்கள், கடலைத் தோலோடு எறிந்துவிடுவார்கள். அவள் கணக்கு என்றைக்கும் நேராகாது. அன்றைக்கு நேராகிவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு வரலைங்க சார்," என்றாள். "நாப்பத்தேழு."

சட்டைப் பைக்குள் அந்தத் துண்டுக் காகிதம் ஒரு கிலோ கனத்தது. வனவர் என் மேசைக்கு வந்து படிவக் கட்டைப் புரட்டி, நாற்பத்தேழாம் படிவத்தை உருவினார். நின்றபடியே படித்தார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் மெதுவாக இன்னொரு தடவை படித்தார். பிறகு வாட்சரைக் கூப்பிட்டு, சத்தமாக அவருக்கும் படித்துக் காட்டினார். என் வாசகங்களை இன்னொருவர் குரலில் கேட்டது அதுதான் முதல் தடவை. 'கடைசியாக ஒரு தடவை' என்ற இடம் வந்ததும் வாட்சர் அருவிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அருவிக்கு மேலே ஒரு மடு உண்டு. ஜனம் போகக்கூடாத இடம். எதற்காகச் சிலர் அங்கே போனார்கள் என்பது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

எனக்குப் பயம் வந்தால் மூளை லீவு போட்டுவிடும். வாய் மட்டும் ஓவர்டைம் பார்க்கும். பஸ்ஸில் போயிருப்பார் என்றேன். ரெண்டு மணி பஸ்ஸில் இங்கே யாரும் ஏறவில்லை, அடுத்தது ஆறே முக்காலுக்குத்தான் என்றார் வனவர். யாராவது காரில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள் என்றேன். அப்படியானால் சீட்டைக் கொடுத்திருப்பாரே என்றாள் அந்தப் பெண். வனவர் என்னைப் பார்த்து, நீங்கள்தானே பேசினீர்கள், ஆள் எப்படி இருந்தார், என்ன சட்டை என்று கேட்டார். 'வெள்ளை' என்றேன். வேட்டியா பேண்டா? 'வேட்டி.' கையில் என்ன? 'மஞ்சப் பை.' கேள்வி கேட்டால் பதில் சொல்லிப் பழகிவிட்ட நாக்கு. ஒவ்வொரு பதிலுக்கும் அந்த மனுசருக்கு உசிர் கூடிக்கொண்டே போனது. முகம் எப்படி இருந்தது என்று கேட்டார். கொஞ்சம் வாடியிருந்தது என்று சொன்னேன். அடப்பாவி, அதையும் சொன்னேன்.

வனவர் அடுத்த காவல் பகுதியில் இருந்து ஆட்களை வரவழைக்கலாம், ஒரு மணி நேரம் பொறுக்கலாம் என்றார். வாட்சர் தலையை ஆட்டினார்.

"ஒரு மணி நேரம் ஆனா பொழுது போயிருமுங்க சார். பெரிய மனுசரு. மேல ஏறுனவரு எங்காச்சும் உக்காந்துட்டு அழுதுட்டு இருப்பாரு. பேசிக் கூட்டிட்டு வந்துரலாமுங்க. நான் ஓடைப் பக்கமாப் போயிட்டு வாரேனுங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக நான் என்ன செய்தேன் தெரியுமா? "நானும் கூட வாரேனுங்க" என்றேன். வனவர் விடமாட்டார் என்று நிச்சயமாகத் தெரிந்துகொண்டு சொன்னேன். அவரும் விடவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் இந்தக் கதையை நிறைய தடவை சொல்லியிருக்கிறேன். பந்தியில் சொல்லும்போது இந்த இடத்தில் நானும் உள்ளே போவேன். யானை துரத்தும், வேட்டி முள்ளில் மாட்டும், ஒரு பாறைக்குப் பின்னால் நின்று ஒன்றுக்குப் போவேன். எல்லோரும் சிரித்து எனக்கு இன்னொரு ஜாங்கிரி வைக்கச் சொல்வார்கள். நடந்தது அது இல்லை. என் தோளில் இருந்த துண்டை வாட்சர் கேட்டு வாங்கிக்கொண்டார். பெரியவருக்குக் குளிரினால் போர்த்த ஆகும் என்றார். கையில் ஒரு கோலும் அந்தத் துண்டுமாகப் போனார்.

போன் இரண்டாவது வளைவு தாண்டினால் எடுக்காது. வனவர் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று மேலதிகாரிக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார். நான் புங்க மரத்தைச் சுற்றினேன். மனசுக்குள் திட்டம் மேல் திட்டம். சீட்டைப் பஸ் நிற்கும் இடத்தில் போட்டு, அந்தப் பெண்ணையே கண்டெடுக்க வைத்தால் என்ன? அவர் இங்கே வந்து சீட்டை எறிந்துவிட்டுப் போனதாக ஆகிவிடுமே. மெல்ல நடந்து போய்ச் சீட்டைக் கீழே போட்டும்விட்டேன். காற்று அடித்தது. அது உருண்டு சாக்கடைப் பக்கம் போக, ஐம்பத்திரண்டு வயது ஆள் குனிந்து குனிந்து துரத்திப் பிடித்துத் திரும்பவும் பையில் போட்டுக்கொண்டேன். இந்தப் பகுதியும் பந்தியில் உண்டு. நன்றாக எடுபடும்.

நாலரை மணிக்கு மேலே ஓரிடத்தில் யானை பிளிறியது. ஒரே ஒரு தடவை.

தள்ளுவண்டிக்காரம்மா தலை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அடுப்பைக் கூட்டினார். ஒரு தூக்குப் பாத்திரத்தில் டீயை ஊற்றி மூடி, அதன் மேல் துணியைச் சுற்றினார். எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினார். வாங்கும்போதே பாதியை என் கால் மேல் ஊற்றிக்கொண்டேன். நான் யானைக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க சார், இக்கட்ட வராதுங்க," என்றார். "இந்தத் தூக்கு அந்தப் பெரியவருக்குங்க. பச்சத் தண்ணி கூடக் குடிச்சிருக்க மாட்டாரு பாவம்."

உங்கள் வீட்டுக்காரர் எப்போது திரும்புவார் என்று கேட்டேன். பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"என்ற ஊட்டுக்காரருங்களா? ஆளைக் கண்டுபிடிக்காம இறங்க மாட்டாருங்க. போன வருசம் ஒரு காலேஜ் பையன் வழி தவறிட்டான். ராத்திரி பூரா அங்கயே கெடந்து, விடிய அவனை முதுகுல தூக்கிட்டுத்தான் வந்தாரு."

ஆளைக் கண்டுபிடிக்காமல் இறங்க மாட்டார். ஆளோ கிடையாது. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு அவ்வளவு நேரம் பிடித்ததே, அதைத்தான் இன்றுவரை என்னால் செரித்துக்கொள்ள முடியவில்லை. அதுவரைக்கும் நான் பயந்ததெல்லாம் என் வேலைக்கும், என் மானத்துக்கும்தான். ஒரு மனுசர் குட்டி போட்ட யானைக் கூட்டத்துக்கு நடுவே நடந்துகொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், அது என் சங்கடத்தில் ஒரு பகுதியாகத்தான் இருந்தது.

வனவரிடம் போனேன். "சார், அந்த ஆள் இல்லைங்க" என்றேன்.

"இல்லைன்னா? போயிட்டாருன்னு தகவல் வந்துதா?"

"போகலைங்க. வரவே இல்லைங்க. நானா எழுதுனதுங்க."

சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் கொஞ்சம் லேசாகியிருக்கும். அவர் முதலில் மணியைப் பார்த்தார். பிறகு மலையைப் பார்த்தார். ஜீப்பில் பட்டாசு இருக்கிறதே, போட்டுக் கூப்பிடலாமே என்று நானே யோசனை சொன்னேன். பட்டாசு போட்டால் கூட்டம் மிரண்டு அவர் நிற்கும் பக்கமாகவே திரும்பும் என்று, ஒரு குழந்தைக்குச் சொல்வது மாதிரி எனக்கு விளக்கினார்.

அந்த அம்மா தூரத்தில் இருந்தே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார் என்று அந்தப் பெண்ணைக் கேட்டார். அவள் பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் சொன்னாள். கேட்டு முடித்ததும் அவர் என்னிடம் வந்தார். கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"அப்ப அவரு யாரைத் தேடிட்டு இருக்காருங்க?"

இருபத்தாறு வருடம் பம்ப்செட் விற்றவன். எந்தக் கேள்விக்கும் ஒரு பதில் வைத்திருந்தவன். கையில் இருந்த சீட்டை அவரிடம் நீட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, போய்த் தன் வண்டிக்குப் பக்கத்தில், பாதை தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, தெரிய வேண்டியவர் ஒருவருக்குத்தான் தெரியாது. அவர் மேலே, இல்லாத ஒரு பெரியவரை இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் பாரம் இறங்கும் என்பார்கள். எனக்கு இறங்கவில்லை. நான் சொன்னதால் அவர் ஒரு அடி கூடத் திரும்பி வரவில்லை.

அந்தப் பெண் என் மேசையில் இருந்த எல்லாக் கட்டுகளையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஒரு சிவப்புப் பேனாவையும் வைத்தாள்.

"இன்னும் எத்தனை பேர், அங்கிள்?"

ஒவ்வொன்றாகப் புரட்டிப் பெருக்கல் குறி போட்டேன். தையல்காரர். டிராயிங் மாஸ்டர். ஒரு நர்ஸ். இரண்டு அண்ணன் தம்பிகள். மொத்தம் இருபத்து மூன்று. நான் குறி போடப் போட, அவள் தன் நோட்டில் ஒவ்வொரு நம்பராக அடித்துக்கொண்டே வந்தாள். புது ஜோடியின் படிவத்தில் பேனா வந்து நின்றது.

"அந்த அன்னூர் ஜோடியுமா?" என்றாள்.

"ஆமா கண்ணு."

தன் ஊர் ஜோடி ஒன்று கல்யாணத்தன்றே இங்கே வந்ததை அவள் கல்லூரியில் எல்லோரிடமும் சொல்லி, ஆய்வின் முதல் பக்கத்திலேயே உதாரணமாக எழுதியும் வைத்திருந்தாள். அது எனக்குத் தெரியும். அதைப் படித்துக் காட்டியபோது, பிரமாதமாக இருக்கிறது என்று தட்டிக்கொடுத்தவனும் நான்தான். அவள் அந்த நம்பரையும் அடித்தாள். பிறகு நோட்டை மூடிக்கொண்டு அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆறு மணிக்கு மலை கறுத்துவிட்டது. பாதையில் முதலில் தெரிந்தது என் துண்டுதான், வெள்ளைத் துண்டு. அதற்கப்புறம்தான் ஆள் தெரிந்தார். இடுப்புவரைக்கும் நனைந்திருந்தார். கோல் இல்லை. ஒரு காலில் செருப்பு இல்லை. அந்தக் காலைப் பாதி ஊன்றித்தான் வந்தார். அந்த அம்மா எழுந்தார். ஆனால் கிட்டே போகவில்லை. வாட்சர் நேராக வனவரிடம் வந்தார். குரல் கட்டியிருந்தது.

"ஆளைக் காணோமுங்க சார். மடு பூராப் பாத்துட்டேன். தண்ணியில இல்லீங்க, அது வரைக்கும் நிச்சயம். ஆனை குறுக்க நின்னுருச்சு, அதனால அக்கட்டப் பக்கம் போக முடியலீங்க. நாலு பேரு வந்தா டார்ச்சு எடுத்துட்டு மறுபடி போலாமுங்க."

வனவர் என்னைக் காட்டினார். நீங்களே சொல்லுங்கள் என்றார்.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. நடுவில் ஒரு நகைச்சுவை கூட முயற்சி செய்தேன் என்று நினைக்கிறேன். வாட்சர் எப்போதும்போல வேலை கெடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்; ஈரத் துண்டைப் பிழிந்து உதறி மடித்துக்கொண்டே கேட்டார். நான் முடித்தேன். அவர் சிரிக்க எடுத்துக்கொள்ளும் அந்த நேரம் எனக்குத் தெரியும். எண்ணிக்கொண்டே நின்றேன். சிரிப்பு வரவில்லை.

"அப்ப உள்ள யாருமே இல்லீங்களா?"

"இல்லைங்க."

"நல்லதாப் போச்சுங்க," என்றார். மெய்யாகவே மூச்சு விட்டார். கீழே உட்கார்ந்தார். "மடுவுக்கு மேல நின்னு கூப்புட்டப்ப யாரோ பதிலுக்குக் கூப்புட்ட மாதிரி இருந்துச்சுங்க சார். பெரியவருதான்னு நெனச்சுப்போட்டு அங்கயே நின்னேன். அதுல ஆனை வந்ததைக் கவனிக்கலை. அந்தச் சத்தம் யாருதா இருக்குமுங்க?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். எழுதியவன் நான்தானே, எனக்குத் தெரிந்திருக்கும் என்பது போல.

மன்னிச்சுக்குங்க என்றேன். அந்த வார்த்தை அவருக்கு என்னைவிடக் கூச்சமாக இருந்தது. துண்டை என் கையில் கொடுத்துவிட்டுச் சாலைப் பக்கம் பார்த்தார்.

"பஸ்ஸு வந்துருச்சு பாருங்க சார். ஓடுங்க. இதை உட்டா இனி இல்லீங்க."

நான் ஓடினேன். நின்றிருக்க வேண்டும். காலுக்கு என்ன என்று கேட்டிருக்க வேண்டும்; டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். என்னைப் போகச் சொல்ல ஒருத்தர் கிடைத்தார், போதும் என்று ஈரத் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, உக்கடம் பஸ்ஸைப் பார்த்து, அன்றைக்கு எந்த யானையும் துரத்தாமலேயே ஓடினேன். அந்தப் பெண் எனக்கு முன்னாலேயே ஏறி முதல் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் கடைசி சீட்டுக்குப் போனேன்.

மறுநாள் அவர்களாகச் சொல்வதற்கு முன்னால் நானே போன் செய்து வேலையை விட்டேன். இருபத்து மூன்று படிவங்களையும் எடுத்துவிட்டு அவள் மறுபடி கணக்குப் போட்டாள் என்றும், தொகை குறைந்துவிட்டது என்றும், அதற்காக இன்னும் மூன்று வாரம் அவளே தனியாகப் புங்க மரத்தடியில் உட்கார்ந்தாள் என்றும் பிற்பாடு கேள்விப்பட்டேன். வாட்சருக்குக் கால் ஆறியதா என்று மட்டும் எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் நான் திரும்பப் போகவில்லை.

அன்றைக்குப் பஸ் திரும்பும்போது ஜன்னல் வழியாக ஒரு தடவை பார்த்தேன். தள்ளுவண்டியின் பல்பைப் போட்டிருந்தார்கள். வாட்சர் கல்லின் மேல் உட்கார்ந்திருக்க, அந்த அம்மா கீழே குந்தி, அவர் பாதத்தைத் தன் மடிமேல் தூக்கி வைத்து, தூக்கில் இருந்த டீயை மூடியில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் அதை வாங்கிக்கொண்டே பஸ்ஸைப் பார்த்துக் கையைத் தூக்கினார். எனக்குத்தான் தூக்கினார். நான் சீட்டில் சரிந்து, தலை தெரியாதபடி உட்கார்ந்துகொண்டேன்.